குங்கிலியம் மலையிறங்கலாகாது

மழை வழுவாது பொழிக. மலை தளராது நிற்க. செங்குவட்டு மலைநாட்டின் காவலரும் எம் தந்தையாரின் வில்லுக்கு உரியவருமாகிய வேள் நெடுங்கோடனார் திருமுன்னர்க்கு, தாழைமாநகர்க் கோப்பெருந்தேவியும் தங்கள் உடன்பிறந்தாளுமாகிய காரிநங்கை விடுக்கும் ஓலை. தங்கள் மனையும் குடிகளும் நலமே வாழ்க. இங்கே நலமில்லை அண்ணா.

நோயுற்ற என் மகள், தங்கள் மருமகள் தத்தை பார்த்து மகிழட்டும் என்று தாங்கள் அன்புடன் அனுப்பிய பொன்னிறப் பிசின்கல் வந்து சேர்ந்தது. ஊழி பல கடந்த காட்டின் மரப்பிசினில் சிக்கி, அப்பிசினோடே இறுகிப்போன எறும்புகளும், இன்று எக்காட்டிலும் காணாத வடிவுடைய ஓணான் ஒன்றும் நேற்றுப் பிடித்தவை போல் அதனுள் இருக்கக் கண்டு அவையோர் வியந்தனர். மன்னரோ அன்று தொட்டு அதைக் கையைவிட்டு இறக்கவில்லை. செத்தபின் இட்டவை அழுகும், உயிரோடு புகுந்தமையாலன்றோ இவை அழியாதிருக்கின்றன என்றும், சுரத்தில் கிடக்கும் மகளையும் மூச்சு உள்ளபோதே உருக்கிய குங்கிலியப் பிசினில் அமிழ்த்தி என்றென்றும் இழவாது காப்போம் என்றும் அவர் மொழிந்தபோது, பாசத்தால் அறிவு கலங்கிப் பிதற்றுகிறார் என்றே எண்ணினேன். இப்போது கம்மியர் கொட்டிலில் அவள் உயரத்துக்கு ஒரு செப்புக் கொப்பரை செய்துகொண்டிருக்கிறார்கள்.

அக்கல்லை நானும் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். அவர் ஓணானின் முகத்தைப் பார்த்து, உறங்குகிறது என்கிறார். நான் அதன் காலைப் பார்த்தேன். இழுத்த இழுப்பில் பின்கால் ஒன்று அற்றுத் தனியே கிடக்கிறது; வாய் பிளந்திருக்கிறது; வாயருகே ஒரு குமிழி. ஐயோ, அது கத்தியிருக்கிறது அண்ணா! எத்தனை சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை.

இன்று காலை தத்தைக்குச் சுரம் விட்டது. கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாள். தாதியின் காதோலையைப் பிடித்திழுத்துச் சிரித்தாள். இனி அச்சமில்லை என்றார் மருத்துவர். அழுதுகொண்டே ஓடி மன்னரை அழைத்து வந்தேன். மகள் சிரிப்பதை அவர் நெடுநேரம் பார்த்திருந்தார். பின் அமைச்சரை வருவித்து, இம்முகம் வாடுமுன், இச்சிரிப்பு மாறுமுன், குங்கிலியத்தை விரைந்து கொணர்க எனப் பணித்தார்.

மலையிலுள்ள குங்கிலியம் அனைத்தையும் இறக்குமாறு அரசமுத்திரை பொறித்த ஓலை தங்களிடம் வரும். மறுத்தால் தங்கள் தலை நில்லாது. ஆகலின் மறுக்க வேண்டா. பண்டகசாலை தீப்பற்றிற்று என்க. ஒரு துண்டும் எஞ்சாமல், எம் மதிலிலிருந்து புகை தெரியும்படி எரிக்க. கணவாயை அடைத்துக்கொண்டு காத்திருக்க. புகை கண்டு சினந்து மன்னர் வடக்கு வாயிலால் புறப்பட்டதும், நான் மகளைத் தூக்கிக்கொண்டு தெற்கு வாயிலால் வெளியேறுவேன்.

இது தங்கையின் வேண்டுகோள் அன்று, கோப்பெருந்தேவியின் ஆணை. முத்திரை மோதிரம் மன்னர் விரலில் இருப்பதால், தத்தையின் பெருவிரலையே அரக்கில் பதித்து இவ்வோலையை விடுக்கிறேன். அரக்கு ஆறிவிட்டதென்று நினைத்தேன். சூடு தாளாமல் அலறிக் கையை இழுத்துக்கொண்டாள்; பதிவு சிதைந்திருப்பதைப் பொறுத்தருள்க.