உர மூட்டை இருந்த சீட்டு

நேற்று நம் பேத்தி தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் ஒரு சின்னக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். இரண்டே சீட்டு. கதவைத் திறந்ததும் வெயிலில் காய்ந்த தோல் வாசனை அடித்தது. உங்கள் காக்கிச் சட்டையில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த அதே வாசனை. கொழும்பில் கார் வாடகைக்கு விடும் இடத்தில் அவளுக்கு வேலை. நுவரெலியாவில் யாரோ கேட்ட வண்டியாம், கொண்டுபோய்க் கொடுக்கிற வழியில் வந்தாள்.

"அப்பாயி, வட்டவளை டவுன் வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வருவோம், ஏறுங்க."

ஏறினேன். ஏறியதும், போய்ச்சேர்ந்த உங்கள் ஞாபகம்தான்.

நீங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரைக்கு டிரைவராக இருந்தபோது அவரிடம் இரண்டு சின்னக் கார்கள் இருந்தன. சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று. ரிப்பேர் பார்த்ததும் மலை ரோட்டில் ஓட்டிப் பார்ப்பது உங்கள் வழக்கம். பக்கத்தில் கனம் இல்லாவிட்டால் வளைவில் வண்டியின் குணம் தெரியாது என்று, இடது சீட்டில் ஓர் உர மூட்டையை வைத்துக் கட்டுவீர்கள். எதை விற்கலாம் என்று துரை உங்களிடம் கேட்ட அன்று மூட்டை கிடைக்கவில்லை. பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த என்னைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"ஏ புள்ள, நீ ஏறு. மூட்டை பேசாது. நீ பேசுவ. எது நல்லாருக்குன்னு சொல்லு."

"மூட்டை கனம் நான் இருப்பனா?"

"வாயையும் சேத்தா இருப்ப."

கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்து வைத்து, காலைப் புல்லில் துடைத்துவிட்டுத்தான் ஏறினேன். பச்சைக்கு மூக்கு நீளம். ஏற்றத்தில் வண்டிமாடு மாதிரி இழுத்தது. வளைவில் அது முதலில் திரும்பியது, என் வயிறு பிறகுதான் வந்து சேர்ந்தது. சிவப்புக்கு அந்தப் பலம் இல்லை. பள்ளம் ஒவ்வொன்றும் முதுகில் ஏறியது. ஆனால் நீங்கள் நினைத்த இடத்தில், என்னையும் சேர்த்துக்கொண்டு திரும்பியது.

சொல்ல வாயெடுத்தேன். பங்களா வாசலில் துரையின் பெண்சாதி, துரைச்சாணி. என்னை அவள் பார்க்கவே இல்லை.

"டிரைவர், ரெண்டு கார்லயும் அந்த எடது சீட்ட சோப்பு போட்டுக் கழுவு."

உர மூட்டைக்கு ஒருநாளும் கழுவச் சொல்லாதவள். நீங்கள் வாளி எடுத்து வந்து, நான் உட்கார்ந்த சீட்டைக் கழுவினீர்கள்.

சாயங்காலம் கேட்டீர்கள், எது நல்லாருந்துச்சு என்று. "கழுவுன ஆளுக்கு எதுக்குச் சொல்லணும்?" என்றேன். பிறகு எத்தனை தடவை கேட்டீர்கள்! வாயைத் திறக்கவில்லை நான். துரை தன் இஷ்டத்துக்குச் சிவப்பை விற்றார்.

பேத்தியின் வண்டியில் ஸ்டியரிங் ஒரு விரலுக்குத் திரும்புகிறது. பள்ளம் தெரியவில்லை. ரோடு கீழே வேறு யாருக்கோ ஓடுகிற மாதிரி இருந்தது. நன்றாகத்தான் சிரித்துக்கொண்டு போய்வந்தேன்.

இறங்கியபோது அவள் சீட்டைப் பார்த்தாள்.

"அப்பாயி, ஒங்க துண்ட ஏன் விரிச்சீங்க?"

எப்போது விரித்தேன் என்று எனக்கே தெரியாது. யாரும் சொல்லவில்லை. துரைச்சாணி செத்து மண்ணாகிவிட்டாள். என் கை தானாக விரித்திருக்கிறது. பேத்தி முகத்தைப் பார்க்க முடியவில்லை.

துரைச்சாணியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. வாளி தூக்கிய உங்கள் கையை மட்டும் இனி எந்த முகத்தோடு ஏசுவேன்?

சிவப்புதாங்க. சிவப்புதான் நல்லாருந்துச்சு.