அப்பா வாங்கிய சின்ன இறக்கை

அன்புள்ள வாண்டுக்கு,

அம்மா எழுதுவது. உனக்கு இருமல் நின்று, வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பும் மனசும் தெம்பாக இருக்கிறாய் என்ற நினைப்பிலேயே எழுதுகிறேன். இங்கே நான் நலம். அப்பாவும் நலம் என்று அடுத்த வரியை எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போன வாரம் போனில், அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் அடிபட்டுக்கொண்டார் என்று சொன்னேனே, அது பொய். அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் வேறு என்ன சொல்வது. நீ வேறு, பாத்ரூம்ல ரப்பர் விரிப்பு போடுங்கம்மா என்று அக்கறையாகச் சொன்னாய், நானும் நாளைக்கே வாங்கிடறேன் என்றேன். இடது கெண்டைக்காலில் பதினெட்டுத் தையல். கிழித்தது குளியலறைத் தரை இல்லை, அவர் புதிதாக வாங்கிய ஃபாயில், போர்டுக்கு அடியில் தண்ணீருக்குள் ஓடும் அந்த இறக்கை. முழுவதையும் படித்துவிட்டு அப்புறம் திட்டு. பாதியில் போனைக் கையில் எடுக்காதே.

நீ வெளியூரில் இந்தப் போர்டு விளையாட்டைச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போகும்போது ஹாலில் விட்டுவிட்டுப் போனாயே உன் பழைய செட், அந்தப் பெரிய போர்டு, காற்றை வாங்க ஊதி உப்பவைத்துக் கையில் பிடிக்கும் பாய், போர்டுக்கு அடியில் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் கம்பம், அதன் நுனியில் குட்டி விமானம் மாதிரி அந்த அகலமான இறக்கை, அதில்தான் நாங்கள் இரண்டு பேரும் கற்றுக்கொண்டோம் என்பது உனக்கே தெரியும். அப்பா ரிட்டயர் ஆன மனுஷர், தினமும் போனார், நாலே மாதத்தில் தண்ணீருக்கு மேலே எழும்பிப் பறக்க ஆரம்பித்துவிட்டார். நான் பல் லேபில் ஆறு நாளும் பல்செட் செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் போகிறவள், முட்டி போட்டுப் போவதோடு சரி. எழுந்து நின்றால் பத்தடி, அதற்குள் தொபுக்கடீர். அப்புறம் அவருக்கு அந்தப் பெரிய இறக்கை சலித்துப்போயிற்று, மாட்டு வண்டி ஓட்டுற மாதிரி இருக்கு என்று புலம்ப ஆரம்பித்தார். நீயும் போனில் தெளிவாகத்தான் சொன்னாய், ஒரு தடவைக்கு ஒண்ணு மட்டும் மாத்துங்கப்பா, முதல்ல இறக்கைய மட்டும் ஒரு அளவு சின்னதாக்கி மூணு மாசம் ஓட்டுங்க, அப்புறம் போர்டப் பத்திப் பேசலாம், உங்க எடைக்கு போர்டோட மிதப்பு நூறு லிட்டருக்குக் கீழ இறங்கவே கூடாது என்று. அவரும் சரிம்மா சரிம்மா என்று தலையை ஆட்டிவிட்டு, போனை வைத்ததும் என்னிடம், முப்பத்து மூணு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்து ஊரையே மேல தூக்கி எறக்குனவன் நான், எனக்கே தூக்குறதப் பத்திப் பாடமா என்றார்.

கடைக்காரர் பேசிய பேச்சில் மிச்சம் மீதி யோசனையும் போயிற்று. சார், உங்க பாலன்ஸுக்கு எதுக்கு சார் இன்னும் அந்தப் பெரிய இறக்கை என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார், உன் அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பழையதில் பாதிகூட இல்லாத ஒடுங்கிய இறக்கை, எழுபது லிட்டர் போர்டு, முன்னதைவிட நீளமான கம்பம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாங்கிவிட்டார். நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது வாண்டு. எண்பத்து நாலு கிலோ ஆளை எழுபது லிட்டர் போர்டு தாங்காது, நின்றால் முழங்கால் வரை அமுங்கும், வேகம் பிடித்தால்தான் அந்தச் சின்ன இறக்கை தூக்கும், காற்று விழுந்துவிட்டால் போர்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதக்க வேண்டியதுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. அவர் சுமந்துகொண்டு வெளியே வர வசதியாகக் கடைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவளே நான்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காற்று கரையிலிருந்து கடல் பக்கமாக அடித்தது. இறங்கவே கூடாது என்று நீ சொன்ன காற்று. அரை மணி நேரந்தான், வந்துருவேன் என்று போனார். பொய் சொல்லக் கூடாது, முதல் பத்து நிமிஷம் அவர் போனது பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. கல்லைக் கொட்டி வைத்திருக்கும் அலைத்தடுப்பைத் தாண்டினார், அங்கேதான் காற்று விழுந்தது. அவர் பாய் தண்ணீரில் படுத்துவிட்டது. எழ முயன்றார், அமுங்கினார். மறுபடியும் முயன்றார், அமுங்கினார். மூன்றாவது தடவை ஒரு வீச்சுக் காற்றில் எழும்பி, பின்பக்கமாக மல்லாந்து விழுந்தார், போர்டு அவர் மேலேயே கவிழ்ந்தது. அதன் பிறகு அவர் ஏற முயற்சியே செய்யவில்லை. ஒரு கையைத் தூக்கிக் காட்டினார், இறக்கிவிட்டார். தடுப்புக்கு அந்தப் பக்கம் கப்பல் வந்துபோகிற வழி. மீட்புப் படகுக்குப் போன் செய்தேன், இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும்மா என்றார்கள். கரையில் இருந்தது உன் பழைய செட்டும் நானும்தான். பாயில் ஏற்கெனவே காற்று அடித்து வைத்திருந்தேன். எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். முட்டி போட்டுத்தான் கிளம்பினேன். பாதி வழியில் ஒரு சின்னக் காற்று வந்தது, அந்தப் பெரிய இறக்கைக்கு அதுவே போதுமாக இருந்தது, நான் எப்போது எழுந்து நின்றேன் என்றே தெரியவில்லை, போர்டு தண்ணீரை விட்டு மேலே வந்துவிட்டது. சத்தமே இல்லை வாண்டு. அலை காலுக்குக் கீழே எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. ஒரு பத்து விநாடி இருக்கும், நான் எதற்காகப் போகிறேன் என்பதையே மறந்துவிட்டேன். கட்டின புருஷன் அங்கே ரத்தம் கொட்டிக்கொண்டு கிடக்கிறார், எனக்குச் சிரிப்பு வந்தது. 

பக்கத்தில் போய்ச் சேர்ந்தபோது அவர் முகம் நான் லேபில் கரைக்கிற அச்சு மாவு நிறத்துக்கு வெளுத்திருந்தது. சுற்றிலும் தண்ணீர் சிவப்பு. இறக்கையின் பின் ஓரம் கெண்டைக்காலைக் கத்தி மாதிரித் திறந்துவிட்டிருந்தது. என் இடுப்பு பெல்ட்டைக் கழற்றித் தொடையில் இறுக்கிக் கட்டி, அவரைப் பெரிய போர்டில் குப்புற இழுத்துப் போட்டேன். புது போர்டு அவருடைய வலது காலோடு கயிற்றில் கட்டியிருந்ததால், ஒவ்வோர் அலைக்கும் அந்த இறக்கை எங்கள் பக்கம் திரும்பித் திரும்பி வந்தது. ஒருமுறை என் விலாவுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து போனது. கயிற்றை அவிழ்க்கக் கை வைத்தேன். விடாத, அது புதுசு, விடாத என்று அந்த நிலையிலும் கத்தினார். வாய மூடுங்க என்றேன். முப்பது வருஷத்தில் அவரிடம் இப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவிழ்த்துத் தள்ளிவிட்டேன், அது மிதந்து போயிற்று. மீட்புப் படகு வருவதற்கு முன்பே, துறைமுகத்தில் மண் அள்ளிக்கொண்டிருந்த படகுக்காரர்கள் நான் பாயை ஆட்டியதைப் பார்த்துவிட்டு வந்து எங்களைத் தூக்கிக்கொண்டார்கள்.

டாக்டர், இன்னும் ஒரு விரல்கடை தள்ளிப் பட்டிருந்தால் பாதத்தைத் தூக்கும் நரம்பே போயிருக்கும் என்றார். இப்போது இரண்டு விரல்களில் உணர்ச்சி இல்லை. மூன்று நாலு மாதத்தில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், பார்க்கலாம் என்கிறார். தினமும் காலையில் நான் ஊக்கு முனையால் அந்த விரல்களை லேசாகத் தொட்டுப் பார்க்கிறேன். தெரியுதா என்கிறேன். தெரியுது என்கிறார், நான் தொடுவதற்கு முன்னாலேயே.

இன்னொரு பொய்யும் பாக்கி இருக்கிறது. போர்டு என்னாச்சு என்று அவர் தினம் கேட்டார். மயக்கத்தில் அவருக்கு நடந்தது சரியாக நினைவில்லை, நான் கயிறு அறுந்து போச்சு என்று சொல்லிவிட்டேன். நேற்று அந்த மண் அள்ளும் படகின் டிரைவர் லேபுக்கே தேடிக்கொண்டு வந்து அதைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு கீறல்கூட இல்லை. லேபின் பின்னறையில் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் சுவரோரம் சாத்தி வைத்திருக்கிறேன். விற்றுவிடுவதா, உடைத்துப் போடுவதா, இல்லை அவர் கண் முன்னால் கொண்டுவந்து வைப்பதா என்று உன்னைக் கேட்கத்தான் இந்தக் கடிதம் எழுத ஆரம்பித்தேன்.

ஆனால் வாண்டு, மேலே உள்ள வரியை எழுதிக்கொண்டிருக்கும்போதே முதுகுப்பக்கம் கைத்தடிச் சத்தம் கேட்டது. அப்பா. எப்போது வந்து நின்றார் என்று தெரியாது. காகிதத்தை மறைக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது, மறைக்கவில்லை. எழுதின பக்கங்களை எடுத்துக்கொண்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் படித்து முடிக்கும் வரை நான் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். கயிறு அறுந்துச்சுன்னு சொன்னியே என்றார். நான்தான் அவுத்தேன் என்றேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கால் கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். சரி, இனி இந்த வீட்டில் ஒரு மாதத்துக்குப் பேச்சு கிடையாது என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் என் பக்கம் திரும்பி, அவ்ளோ தூரமும் நின்னுக்கிட்டேவா வந்த என்று கேட்டார். இல்ல, முதல் பாதி தூரம் முட்டி போட்டுத்தான் என்றேன். ம் என்றார். காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டு, நான் பறந்ததை எழுதிய அந்தப் பக்கத்தை மட்டும் உருவி எடுத்து மறுபடியும் படிக்கிறார். இப்போதும் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

போர்டு லேபிலேயே இருக்கட்டும். விரல்களின் விஷயம் தெரிந்த பிறகு பார்க்கலாம். நீ அவருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, திட்டி எழுதாதே, எந்த இறக்கை, எத்தனை லிட்டர் என்று அளவை மட்டும் எழுது. நீ நீண்ட ஆயுளோடும் நல்ல உடம்போடும் நாலு பேர் மெச்ச இருக்க வேண்டும், எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றே ஒன்றை மறக்காதே. அங்கே நீ தினமும் அந்தக் கத்தி மாதிரி இறக்கைகளோடு தண்ணீரில் இறங்குகிறவள். நான் போனில் எப்படி இருக்க என்று கேட்கும்போதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, நல்லா இருக்கேன் என்று நீ சொல்வதை இத்தனை நாள் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கே அப்படிச் சொல்லத் தெரிந்துவிட்டது. அதனால் இனிமேல் கீழே விழுந்தால் விழுந்தேன் என்றே சொல்லு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா