உப்பு டப்பாவை எடுத்துப்போகிறேன்

என்னங்க,

பாப்பாவுக்கு வாந்தி நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன். எத்தனை தடவை அடித்தும் நீங்கள் போனை எடுக்கவில்லை.

சாவி மாடி வீட்டு அக்காவிடம் இருக்கிறது. சாப்பாடு மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். சின்னப் பாத்திரத்தைத் தொடாதீர்கள், உங்களால் வாயில் வைக்க முடியாது. அது எனக்கென்று உங்கள் அம்மா உப்பைக் கொட்டிச் செய்தது. உப்பு நிறையச் சேர்த்து, பாலை நிறுத்தினால் அடுத்ததாவது பையனாகப் பிறக்குமாம். இதை அவர்கள் பாப்பா காதுபடவேதான் தினமும் சொல்கிறார்கள்.

நானும் மாதக்கணக்காக அதைத் தின்றுவிட்டு, காலையில் உடற்பயிற்சி என்று உங்களோடு மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருக்கிறேன். தலை சுற்றுகிறது என்றேன். "பையன் பொறக்கணும்னா கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றீர்கள். பொறுத்துக்கொண்டேன். இன்றோடு சரி.

அம்மா கோயிலிலிருந்து வந்து, நான் வாங்கி வைத்திருக்கும் பால் பாக்கெட் எதற்கு என்று கேட்டால், நான் குடிக்கத்தான் என்று சொல்லுங்கள். நீங்களே சொல்லுங்கள்.

பாப்பா யாருக்கும் தெரியாமல் உப்பை அள்ளி அள்ளித் தின்றிருக்கிறாள். வாயெல்லாம் வெள்ளை. ஏன்டி தின்றாய் என்றால் என் முகத்தையே பார்க்கிறாள். எவ்வளவு தின்றாள் என்று டாக்டர் கேட்பார், டப்பாவைக் கையோடு எடுத்துப்போகிறேன்.

வண்டி வந்துவிட்டது.

பி.கு.: செருப்பு மாட்டிவிடும்போது அவளாகவே சொன்னாள்: "நீ கஷ்டப்பட்டுத் தின்ன வேணாம்மா. நானே பையனா ஆயிடறேன்."