தவக்காலத்தில் ஒரு பேய்ப் படம்

22-3-2014, சனி
தவக்காலத்தில் எங்கள் வீட்டில் சினிமா கிடையாது. என் மனைவி செல்வி போட்ட சட்டம். கறியை விட்டுவிடுவேன், டீயைக்கூட விட்டுவிடுவேன். சினிமாவை எப்படி?

மிக்சி ரிப்பேருக்காக விழுப்புரம் போனேன், ஆறு வயது மகள் எலிசாவோடு. தியேட்டர் வாசலில் நண்பன் சீனுவாசன் கையைப் பிடித்து இழுத்தான். “பேய்ப் படம்னு பயப்படாதப்பா. ஃபேமிலி சப்ஜெக்ட்டு.”

ஃபேமிலிதான். பிரசவத்தில் செத்துப்போன அம்மா பேயாக வந்து மகளைத் தேடுகிறாள். இடைவேளைக்கு மேல் நான் கண்ணைத் திறக்கவில்லை. எலிசா பாப்கார்ன் தின்றுகொண்டே முழுசாகப் பார்த்தாள். அம்மாவிடம் மூச்சு விடக்கூடாது என்று ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துத் திண்டிவனம் பஸ் ஏறினேன்.

25-3-2014
எலிசா அம்மாவிடம் தலை பின்னிக்கொள்ள மாட்டேன் என்கிறாள். சீப்பைப் பார்த்தால் கட்டிலுக்கு அடியில்.

2-4-2014
இப்போது நான்தான் பின்னுகிறேன். “சார், நாளைக்காவது தலைய வாரி அனுப்புங்க” என்றார் டீச்சர். வாரித்தான் அனுப்பினேன்.

9-4-2014
எட்டு மாத வயிற்றோடு செல்வி சமையலறையில் அழுதாள். “நான் என்ன பேயாங்க? கிட்ட போனாலே ஓடிக்கினு கீது.”

பேய் என்றதும் நான் கரண்டியை எடுத்துக் குழம்பைக் கிண்ட ஆரம்பித்தேன். சொல்லிவிடலாமா? டாக்டரம்மா வேறு, பிரஷர் ஜாஸ்தி, டென்ஷன் கூடாது என்றிருக்கிறார். நல்ல சாக்கு. கோழை நான்.

15-4-2014, செவ்வாய்
ஈஸ்டருக்கு முன் கோயிலில் பாவசங்கீர்த்தனம், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் கொட்டினேன். சாமியார் சிரிப்பை அடக்கியது நடுவிலிருந்த வலை ஜன்னல் வழியாகவே கேட்டது. “மூணு அருள்நிறை மரியே சொல்லுங்க. அப்புறம் வீட்ல உண்மைய சொல்லிடுங்க.”

மூன்று ஜெபத்தையும் முப்பது தடவை சொன்னேன். வீட்டில் உண்மையைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

16-4-2014
சொல்லிவிட்டேன்.

“தவக்காலத்துல சினிமாவா? அதுவும் பேய்ப் படமா? கொழந்தைய வேற இட்டுக்கினு!” என்ன திட்டு, என்ன திட்டு. பிறகு எலிசாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, “அம்மாவ பாத்தா பயமா?” என்று கேட்டாள்.

எலிசா தலையை ஆட்டினாள். “பயம் இல்ல. படத்துல அந்த அம்மா தல பின்னி வுட்டுட்டுதான் ஆஸ்பத்திரி போனாங்க. வரவே இல்ல. நான் பின்னிக்கலன்னா நீ போமாட்ட இல்ல?”

ஐயோ, என் கண்ணே. இத்தனை நாளாக அவள் அம்மாவுக்குக் காவல் இருந்திருக்கிறாள்!

செல்வி அவளை அணைத்துக்கொண்டாள். “போவேண்டி. பாப்பாவ எடுத்துக்கினு ஜல்தியா வந்துடுவேன்.” எலிசா கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையைக் கொடுத்தாள்.

9-5-2014, வெள்ளி
காலையில் செல்வியை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பிரஷர் 170. மாதாவே. அந்தப் படத்தை எதுக்குடா பாத்தேன்? கண்ணை மூடினால் அதே அம்மாதான் வருகிறாள்.

மதியம் – பையன். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களாம். நர்ஸை மூன்று முறை கேட்டுவிட்டேன்.

14-5-2014
இன்று வீடு திரும்பினோம். செல்வி ஆட்டோவிலிருந்து இறங்கி நின்றாள். ஓடி வந்த எலிசா தம்பியை ஏறிட்டும் பார்க்கவில்லை. குனிந்து அம்மாவின் புடவையைக் கொஞ்சம் தூக்கி, பாதம் ரெண்டும் தரையில் படுகிறதா என்று பார்த்தாள். அப்புறம்தான் கட்டிக்கொண்டாள். செல்விக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தையல் வலிக்கிறதென்று அதற்கும் என்னைத்தான் திட்டினாள்.

நானும் சிரித்தேன். ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலை விட்டு முதலில் எழுந்து நின்றபோதே நானும் குனிந்து பார்த்துவிட்டேன் என்று சொல்லவில்லை.