நான் முறுக்கிய கம்பி

அண்ணே,

நேற்று தலவாக்கலையில் மோட்டருக்குப் புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கும் கடை வாசலில் நின்றேன். கருகிய வார்னிஷ் வாடை மூக்கில் ஏறியது. எண்பதுகளில் நம் தேயிலைத் தோட்டத்துக் குழாய்க்கிணற்றிலிருந்து மோட்டரைத் தூக்கியபோது வந்ததும் இதே வாடைதான்.

நீங்கள் பம்ப்காரர், நான் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கமிட்டித் தலைவர். அந்த வெயில் காலத்தில் மோட்டர் நின்று நின்று ஓடியது. லயத்துக் குழாய் காய்ந்து கிடக்க, தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவில் மட்டும் ரோஜாச் செடிகள் தளதளவென்று நின்றன. எனக்கு யாரையும் லேசில் நம்பத் தெரியாது. துரையும் நீங்களும் கூட்டு என்றே முடிவு கட்டினேன்.

நீங்கள் பொறுமையாகத்தான் விளக்கினீர்கள். மோட்டரும் பம்பும் சேர்ந்து தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும், சுற்றியிருக்கும் தண்ணீர்தான் சூட்டைத் தணிக்கும். அதற்குச் சற்று மேலே இரண்டு கம்பிகள் தொங்கும். தண்ணீர் இரண்டையும் தொடும்வரை ஒன்றிலிருந்து மற்றதற்குத் துளி கரண்ட் போகும். தண்ணீர் இறங்கினால் அது அறுந்து சுவிட்ச் தானே விழுந்துவிடும். ஊற்று ஏறிய பிறகுதான் மறுபடி ஓடும்.

"தண்ணியில்லாம ஓடுனா கருகிரும் தம்பி" என்றீர்கள். கை நுழையாத குழாய்க்குள் யார் எட்டிப் பார்ப்பது? நன்றாகக் கதை விடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு நீங்கள் பூசைக்குப் போன நேரம் பம்ப் ரூமுக்குள் நுழைந்தேன். சுவிட்ச் பெட்டியில் அந்த இரண்டு கம்பிகளின் முனைகளையும், எப்போதும் தண்ணீர் தொடுவதுபோல் கரண்ட் போகட்டும் என்று சேர்த்து முறுக்கி, சுவிட்சைப் போட்டேன். லயத்தில் தண்ணீர் வந்தது. பெண்கள் வாளியோடு ஓடினார்கள். திருட்டைப் பிடித்துவிட்டதாக நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். கொஞ்ச நேரத்தில் கலங்கல் வந்தது, பிறகு வெறும் காற்று. நான் திரும்பி ஓடி வருவதற்குள் மோட்டர் செத்துவிட்டது.

பூசை முடிந்து வந்த நீங்கள் முறுக்கலைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். அதைப் பிரித்துவிட்டீர்கள்.

"லயத்தாளு கை வச்சதுன்னு தெரிஞ்சா துரை புது மோட்டர் போட மாட்டாரு. நான்தான் கம்பிய தப்பா மாட்டிட்டேன்னு சொல்லிக்கிறேன். நீங்க வாயத் தொறக்காதீங்க."

துரை பம்ப் வேலையைப் பறித்து, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை உங்கள் கையில் கொடுத்து மலைக்கு அனுப்பினார். புது மோட்டர் வந்தது. அப்போதும் என் புத்தி போகவில்லை. இதற்குப் பதிலாக என்னிடம் என்ன கேட்கப் போகிறீர்களோ என்று வருஷக்கணக்காகச் சந்தேகத்தோடே உங்களைப் பார்த்தேன். நீங்கள் எதுவுமே கேட்கவில்லை.

உங்கள் அடக்கத்தன்று அண்ணி அழுதுகொண்டே என்னிடம் சொன்னார்கள்: "நல்ல மனுசன்தான். ஒரு கவனக்கொறவுல அந்த வேலைய விட்டுட்டு கடைசி வரைக்கும் மலையில கெடந்தாரு."

வீட்டில்கூட நீங்கள் சொல்லவில்லை. உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த நேரம் அதுதான், அண்ணே. நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.