வரவேற்பு பேனரில் வந்த வரி

ஞாயிறு, இரவு.

டிவிடியைப் போட்டால் அனிமே கார்ட்டூன் காட்சிகளைத் தானாகவே படம் பிடித்துத் தரும் மென்பொருள் ஈப்போவிலேயே என் ஒருவனிடம்தான் இருக்கிறது. அது பிடித்ததில் ஒன்றைக் கண்ணாடி போடாமல் தேர்ந்தெடுத்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் தங்கை மகளுக்கு ஆளுயர வரவேற்பு பேனர் அடித்து, சுங்கை சிப்புட்டில் இருக்கும் தங்கை வீடு வரை கொண்டுபோய் வாசலில் கட்டினேன். படத்தின் அடியில் மலாய் வசனமும் சேர்ந்து வந்ததைக் கவனிக்கவில்லை.

‘இன்று உனக்குச் சாவு’ என்றிருந்ததை வாசலில் நின்று பிள்ளையே சத்தமாகப் படித்தாள்.

“அண்ணே, இத கழட்டிட்டுக் கெளம்புங்க லா,” என்றாள் தங்கை.

“கம்ப்யூட்டர் பண்ணுன வேலம்மா.”

“கட்டித் தொங்கவிட்டது யாரு?”

சாப்பிடாமலே வந்துவிட்டேன். இப்போது பசிக்கிறது. இந்த நிலையிலும் பசிக்கிறதே என்று என்னை நினைத்தாலே குமட்டுகிறது.