போஸ்ட் ஆபீஸ் சுவரிலிருந்து வந்த கோடு

என் கண்ணான மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம் என்று எழுதித்தான் பேனாவுக்குப் பழக்கம், அதில் பாதியை நீ கழித்துக்கொள். அப்பாவுக்கு வாதம் வந்த இடது கையும் காலும் அப்படியேதான் இருக்கின்றன, பசி மட்டும் நன்றாக எடுக்கிறது, எனக்கு முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள். குட்டிக்கு இருமல் நின்றுவிட்டது என்று போனில் சொன்னாய், நீ சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் அவள் இருமியது எனக்குக் கேட்டது. பொய் சொல்வதில் நீ என் பெண்தான். போனில் சொல்லாமல் கடிதம் எழுதக் காரணம் இருக்கிறது, போனில் என்றால் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நானும் வழக்கம்போல ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். இதை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

ரிடையராக நான்கு மாதம் இருக்கும்போது தலைமை ஆசிரியை ஒரு புது வேலையை என் தலையில் கட்டிவிட்டார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நம் ஊரின் சரித்திரத்தையும் பூகோளத்தையும் தெருவில் நடந்தே படிக்க வேண்டுமாம். சொல்வது சுலபம், இருபத்தாறு பிள்ளைகளைக் கைகோத்து நடத்திக்கொண்டு போகிறவள் நான். முதல் நாள் மீன் ஏலம் போடுகிற கொட்டகை, ஐஸ் பேக்டரி, பழைய உப்புக் கிடங்கு, லைட் ஹவுஸ் என்று கால் கடுக்கச் சுற்றினோம். எங்கே போனாலும் அவர்களுக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருந்தது. லைட் ஹவுஸ் எத்தனை அடி உயரம் என்று நான் ஆரம்பிப்பதற்குள் ஒருத்தன் அங்கே வாட்ச்மேன் என் பெரியப்பாதான் என்று சொல்லிவிட்டான், அப்புறம் என் பேச்சை யார் கேட்பது. கடைசியில் போஸ்ட் ஆபீஸ் சுவரில் பதித்திருக்கிறார்களே புயல் கல், அங்கே நிறுத்தினேன். நாம் இந்த ஊருக்கு மாற்றலாகி வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால் அடித்த புயல், கடல் எதுவரை வந்தது என்று அந்தக் கல்லில் கோடு வெட்டி வருஷம் போட்டிருக்கும், உனக்கு ஞாபகம் இருக்கும். பெரியவர்களுக்கு மார்பளவு தண்ணீர் என்று எல்லாரும் சொல்லக் கேட்டதை நானும் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். என் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள், எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் செய்வதால் அவளுக்கு வக்கீல் என்று பெயர். அவள் போய்க் கல்லோடு ஒட்டி நின்றாள், கோடு அவள் இடுப்புக்கு வந்தது. "இவ்ளோதானா டீச்சர்? இதுக்கா எல்லாரும் ஓடினாங்க?" என்றாள். மொத்த வகுப்பும் சிரித்தது, இரண்டு பேர் தண்ணீரில் குதிப்பது மாதிரி குதித்தும் காட்டினார்கள்.

எனக்கு வந்ததே கோபம். போன வருஷம் அந்தச் சுவரைப் பூசியது வக்கீலின் அப்பாதான், கொத்தனார். கல்லைப் பெயர்த்துத் திரும்ப வைக்கும்போது கீழே இறக்கி வைத்துவிட்டார் என்று முடிவு கட்டி, சாயங்காலம் அவர் வேலை செய்கிற இடத்துக்கே போய், நாலு பேர் பார்க்க, ஊர்ச் சரித்திரத்தையே மாற்றிவிட்டீரே என்று சத்தம் போட்டேன். அந்த மனிதர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு என்னோடு போஸ்ட் ஆபீஸுக்கு நடந்து வந்து வாசல்படி ஓரத்தில் ரோட்டை ஒரு முழம் குத்தித் தோண்டினார். உள்ளே முழுசாக ஒரு படி, அதற்குக் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே இன்னொன்று. நாம் வந்த புதிதில் போஸ்ட் ஆபீஸுக்கு ஐந்து படி இருந்தது, இப்போது இரண்டு. "கல்லு அங்கயேதான் இருக்கு டீச்சர், ரோடுதான் மேல ஏறிடுச்சு" என்றார். வருஷா வருஷம் தார் மேல் தார் போட்டு ஊரே உயர்ந்திருக்கிறது, தினமும் அதன்மேல் நடக்கிற எனக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றவர், எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமானால் தன்னிடம் மட்டக்குழாய் இருக்கிறது என்றார். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர் நிரப்பி ஒரு முனையைக் கல்லின் கோட்டில் பிடித்தால், அடுத்த முனை எங்கே போனாலும் தண்ணீர் அதே உயரத்தில் வந்து நிற்கும், அங்கே ஒரு கோடு போட்டுவிட்டு அதிலிருந்து அடுத்த சுவருக்குப் போகலாம்.

மூன்று நாள் காலையில் அந்தக் கோட்டைத் தெருத் தெருவாகக் கொண்டுபோனோம். ஒருத்தி இந்த முனையைக் கட்டைவிரலால் பொத்திக்கொள்வாள், இன்னொருத்தன் அந்த முனையை, நடுவில் பத்துப் பேர் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குமிழி குமிழி என்று கத்திக்கொண்டு, வக்கீல் நீலச் சாக்பீஸோடு முன்னால். முடி திருத்துகிறவர் கடையில் கோடு கண்ணாடியின் நடுவில் போனது, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் தன் முகத்துக்குக் குறுக்கே கோடு விழுந்ததும் எழுந்தே விட்டார். மருந்துக்கடையில் மூன்றாவது தட்டு. கோணல் தெருவில் கோடு இறங்கி இறங்கி முழங்காலுக்கு வந்து, கணுக்காலுக்கு வந்து, லைட் ஹவுஸ் வாசலில் தரைக்குள்ளேயே போய்விட்டது. அந்தத் தெரு ஏன் கோணல் என்று முப்பது வருஷமாக எனக்குத் தெரியாது, மணல்மேட்டின் முதுகு எப்படி வளைகிறதோ அப்படி வளைத்துத்தான் முதலில் வந்தவர்கள் வீடு கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள்தான் கண்டுபிடித்தார்கள், அன்றைக்கு எனக்குச் சம்பளம் கொடுக்காமல் அவர்களுக்குக் கொடுத்திருக்கலாம்.

மூன்றாம் நாள் கோடு நம் தெருப் பக்கம் திரும்பியது. தையல் கடை மூலையில் நான் போதும் என்றேன், வெயில் ஏறிவிட்டது, எனக்கும் கால் முடியவில்லை. வெயில் ஒரு சாக்கு. நம் வீடு மேட்டில் இருக்கிறது, புயலுக்கே இங்கே தண்ணீர் வரவில்லை என்று உன்னிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். ஒவ்வொரு மழைக்கும் நீ போன் செய்து எங்களோடு வந்துவிடுங்கள் என்பாய், ஒவ்வொரு தரமும் இதையே சொல்வேன். விற்றவர் அப்படித்தான் சொன்னார், சுவரெல்லாம் புதுப் பூச்சு, நாங்கள் நம்பினோம். ஆனால் நீ ஆறாவது படிக்கும்போது ஸ்விட்ச் வைக்கச் சுவரைத் துளைத்த எலக்ட்ரீஷியன் கையில் உள்ளேயிருந்து ஈர மணலும் ஒரு சின்னச் சிப்பியும் வந்தன. பூச்சு மணலில் இருந்திருக்கும் என்றார். நான் நம்பவில்லை. இருந்தாலும் அதையே பிடித்துக்கொண்டேன், யாரிடமும் சொல்லவில்லை. இதையெல்லாம் வக்கீலிடம் சொல்ல முடியுமா. "எல்லார் வீட்டுக்கும் போட்டோமே, டீச்சர் வீட்ட மட்டும் ஏன் விடணும்?" என்று கேட்டாள். குழாயின் முனையை வாங்கிக்கொண்டு நானே முன்னால் நடந்தேன்.

ரோட்டிலிருந்து இரண்டு படி இறங்கித்தான் இப்போது நம் வீட்டுக்குள் வர வேண்டும், நீ கடைசியாக வந்தபோது ஒரு படி. அப்பா முன்னறைக் கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இத்தனை பிள்ளைகளைப் பார்த்ததும் அவருக்குக் கொண்டாட்டம், குழாயை ஜன்னல் வழியாக உள்ளே வாங்கித் தன் வலது கையால் அவரே பிடித்தார். தண்ணீர் ஆடி ஆடி நின்றது. அப்பாவின் தலைக்கு மேல் ஒரு சாண். வக்கீல் நாற்காலியில் ஏறிக் கோட்டை இழுத்துக்கொண்டே போனாள், கதவு நிலையில் உன் உயரத்தைக் குறித்து வைத்திருக்கிறோமே, உன் பன்னிரண்டாவது பிறந்தநாள் குறிக்கும் மேலே போனது. அந்த அறையில்தான் நீ வளர்ந்தாய். வக்கீல் நாற்காலியிலிருந்து இறங்கி அப்பாவின் காலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு மெதுவாக, தாத்தாவை யார் தூக்குவார்கள் என்று கேட்டாள்.

அவர்கள் போனபின் நான் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு வந்தேன், அழித்துவிடலாம் என்றுதான். அப்பா வேண்டாம் என்று கையசைத்தார். நாம் மகளிடம் போய்விடலாமா என்று கேட்டேன், கடலை விட்டால் உங்களுக்கு உயிர் இருக்காது என்றுதான் இதுவரை அவளிடம் சொல்லி வந்தேன் என்றும் சொன்னேன். "என்னை யாரும் கேக்கவே இல்லையே" என்றார். அவ்வளவுதான். இரண்டு வருஷமாக அவர் பெயரைச் சொல்லி உன்னை மறுத்தது நான், அவரை ஒரு தரம்கூடக் கேட்காதவளும் நான். எனக்குப் பயம், மகளே. உன் வீட்டில் ஒரு மூலையில் உபயோகமில்லாமல் உட்கார்ந்திருப்பேனோ என்று பயம், அதற்கு அப்பாவைச் சாக்காக்கினேன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லச் சொல்லிக்கொடுத்த வாய் இது. களைத்துவிட்டேன், இனி எதையும் சமாளிக்கத் தெம்பில்லை.

அதனால் நாங்கள் வருகிறோம். நான்கு மாதம் முடிந்ததும், அடுத்த மழைக்கு முன்னால். எல்லாரும் சேர்ந்திருக்க ஒரு வீடு பார், பெரிதாக வேண்டாம், மாடியாக இருக்கட்டும், ஆனால் லிப்ட் வேண்டும், சக்கர நாற்காலி உள்ளே போகுமா என்று அகலத்தை நீயே அளந்து பார், வாட்ச்மேன் சொல்வதை நம்பாதே. அப்பா ஜன்னல் ஓரம் கேட்கிறார், கடல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பஸ் போனால் போதுமாம். குட்டிக்கு வெந்நீரே கொடு, குளிர்ச்சியாக எதுவும் கொடுக்காதே, மாப்பிள்ளையைச் சத்தம் போடாதே. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு.

சாக்பீஸ் கோடு அழிந்துவிடும் என்பதால் நேற்றுக் கொத்தனாரை வரச்சொல்லி, அந்தக் கோட்டை உளியால் சுவரிலேயே வெட்டி வருஷமும் போடச் செய்துவிட்டேன். இந்த வீட்டை வாங்க வருகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

உன் அம்மா
(கையெழுத்து கோணலாக இருப்பது அப்பாவுடையது, தானும் போடுவேன் என்றார்)